பெரிய இலக்கு, சிறிய அளவு: எழுத்துப் பயிற்சி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எழுத ஆசை இருக்கிறது, தொடங்கவும் தொடங்கிவிடுகிறோம், ஆனால் நிலைப்பதில்லை; நிலைத்தாலும் எழுத்து மேலே ஏறுவதில்லை. அவற்றிலிருந்து எட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: இந்த ஆண்டு நாவல் ஒன்றை முடித்தே தீருவேன் என்று முதல் நாளே டைரியில் எழுதி வைத்தேன். மூன்று வாரம் விடாமல் எழுதினேன். நான்காவது வாரம் நின்றுபோனது. சிறுகதையோடு நிறுத்தியிருக்க வேண்டுமோ? இலக்கு பெரிதாகிவிட்டதா?

பதில்: இலக்கின் அளவில் தவறில்லை. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். 'முடிந்தவரை செய்' என்று மொட்டையாகச் சொல்வதைவிட, கடினமாகவும் தெளிவாகவும் ஓர் இலக்கை வைத்தால் மனிதர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவ்வப்போது கண்ணில் பட வேண்டும். கை பழகாத வேலையாக இருந்தால், 'இவ்வளவு முடிப்பேன்' என்ற இலக்கோடு 'இதைக் கற்பேன்' என்ற இலக்கும் வேண்டும்.

உங்கள் டைரியில் நாவல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்ன செய்வது என்பது இல்லை. அதைக் கணக்காக மாற்றுவோம். நாவல் 45,000 சொற்கள் என்று வையுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 250 சொற்கள் எழுதினால் வாரம் 1,250. முதல் வரைவு 36 வாரத்தில் முடியும். ஆண்டில் மீதி 16 வாரம். அதில் 3 வாரம் பிரதியைத் தொடாமல் ஆறப்போட, 9 வாரம் திருத்த, 4 வாரம் காய்ச்சல், விருந்தினர், வேலை நெருக்கடி போன்றவற்றுக்கு. இந்த நான்கு வாரத்தை முன்கூட்டியே ஒதுக்காதவர்கள்தான் முதல் தடங்கலிலேயே 'திட்டம் கெட்டுவிட்டது' என்று மொத்தத்தையும் கைவிடுகிறார்கள்.

நான்காவது வாரம் நின்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பல நாளாக மனத்தில் சேர்த்து வைத்த காட்சிகள் முதல் மூன்று வாரத்தில் தாளுக்கு வந்துவிடும். அதன் பிறகு யோசித்தால்தான் அடுத்த வரி. அந்த இடத்தைச் சோம்பல் என்று எண்ணி உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். சரக்கு தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் 36 வரிகள் எழுதுங்கள், வாரத்துக்கு ஒரு காட்சி, காட்சிக்கு ஒரு வரி. 'யார், எங்கே, என்ன மாறுகிறது' என்ற மூன்றும் அந்த வரியில் இருந்தால் போதும். போகப்போக வரிகளை மாற்றிக்கொள்ளலாம். இருபதாவது காட்சியைத் தாண்டிய பிறகு பாதிக்கு மேல் மாறுவது இயல்பு.

கற்றல் இலக்கையும் இந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 'ஒரே அறையில் நான்கு பேர் பேசும்போது யார் பேசுகிறார் என்று வாசகர் தடுமாறாதபடி எழுதக் கற்பேன்' என்பது நல்ல கற்றல் இலக்கு. 'பரிசு வாங்குவேன்', 'பெரிய பதிப்பகத்தில் வரும்' என்பவை வேறொருவர் முடிவு செய்ய வேண்டியவை. ஆசையாக வைத்துக்கொள்ளுங்கள், வாராந்தரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. 'தினமும் காலை ஐந்து மணிக்கு எழுதுங்கள்' என்ற அறிவுரை எனக்குப் பயன்படவில்லை. பழக்கம் எப்படி வரும்?

பதில்: கடிகாரத்தோடு கட்டாமல், எந்த ஷிஃப்டிலும் தவறாமல் நடக்கிற ஒரு செயலோடு கட்டுங்கள். பணி முடிந்து வீடு வந்து கைகால் கழுவியதும், அல்லது தூங்கி எழுந்து முதல் குவளை தண்ணீர் குடித்ததும் என்று ஏதாவது ஒன்று. அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: 'கைகால் கழுவியதும், ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் எழுதுவேன்.' எப்போது, எங்கே, எப்படி என்ற மூன்றையும் முன்பே முடிவு செய்து வைப்பவர்கள் வெறும் எண்ணத்தோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். களைத்து வந்த மனம் அந்த நேரத்தில் புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம்.

அளவை இரண்டாக வையுங்கள். குறைந்த அளவு: எந்த நாளிலும் முடிகிற ஐந்து வாக்கியங்கள். இயல்பான அளவு: 25 நிமிடம். இரவுப் பணி வாரத்தில் குறைந்த அளவே போதும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். நோட்டும் பேனாவும் அந்த நாற்காலியிலேயே இருக்கட்டும். தேடி எடுக்க வேண்டியிருந்தால் அதற்குள் மனம் வேறு பக்கம் போய்விடும்.

'21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்பதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தி, 2010இல் அச்சில் வந்த ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நடு அளவு 66 நாள். உங்களுக்கு ஆறுதலான செய்தியும் அதில் உண்டு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்ட முயல வேண்டாம். அது எழுத்தைக் கடனாக்கிவிடும். மறுநாள் ஐந்து வாக்கியம், அவ்வளவே.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகத் தினமும் எழுதுகிறேன், ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் முதல் ஆண்டு நோட்டையும் இந்த ஆண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. எங்கே தவறு?

பதில்: மூன்று ஆண்டு தவறாமல் எழுதுவது எளிதல்ல, பலரிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. பழக்கம் உங்களை மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு தெரிந்ததையே தெரிந்தபடி எழுதினால், மூன்று ஆண்டில் கை வேகமாகும், பிழையும் ஊறிப்போகும். வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல எழுதுங்கள். மீதி இரண்டு நாளை, தனியாகப் பிரித்தெடுத்த ஒரே ஒரு குறையின் மீது செலவிடுங்கள்.

எந்தக் குறை? அதைக் கண்டுபிடிக்கத் தமிழிலேயே பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), வழூஉச்சொல் புணர்த்தல் (பிழையான சொல்லைச் சேர்ப்பது), மயங்க வைத்தல் (பொருள் குழம்ப எழுதுவது), வெற்றெனத் தொடுத்தல் (பொருளின்றிச் சொற்களை அடுக்குவது), மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை (சொற்கள் இருந்தும் பயனில்லாமல் நிற்பது). பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பட்டியல் இது. எழுதுகிறவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான திருத்தக் கருவி கிடைப்பது அரிது.

உங்கள் கடைசி ஐந்து படைப்புகளை எடுங்கள். குற்றத்துக்கு ஓர் எண் கொடுத்து, அது வருகிற இடத்தின் ஓரத்தில் பென்சிலால் அந்த எண்ணைக் குறியுங்கள். ஐந்தும் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். அதிகம் வந்த ஒன்றுதான் இந்த மாதத்து வேலை. மற்ற ஒன்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் பத்தையும் துரத்துகிறவர் ஒன்றையும் பிடிப்பதில்லை.

பெரும்பாலோரிடம் மூன்று குற்றங்கள்தான் அதிகம் வரும். முதலாவது கூறியது கூறல். 'அவனுக்குக் கோபம் வந்தது. கதவை ஓங்கி அறைந்துவிட்டுப் போனான்.' இரண்டாம் வாக்கியம் சொன்னதையே முதல் வாக்கியமும் சொல்கிறது. முதலாவதை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், எதுவும் குறைந்திருக்காது. எழுதியவருக்குத் தன் காட்சி மீது நம்பிக்கை இல்லாதபோது இந்தக் குற்றம் வரும்.

இரண்டாவது மற்றொன்று விரித்தல். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று நான்கு சொல்லில் எழுதுங்கள். பிறகு அந்த ஓரக் குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். தடம் மாறிய பத்தி உடனே தெரியும். அதை வெட்டி வேறு நோட்டில் ஒட்டி வையுங்கள். பெரும்பாலும் அது இன்னொரு கட்டுரையின் தொடக்கமாக இருக்கும்.

மூன்றாவது சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் கம்பீரமாக இருந்து முடிவை நெருங்க நெருங்க மெலிந்துபோவது. இதற்குப் பெரும்பாலும் திறமைக் குறைவு காரணமல்ல. முதல் பத்தியை ஒவ்வொரு நாளும் புது மனத்தோடு திருத்துகிறோம், கடைசிப் பத்தியை எப்போதும் களைத்த பிறகே தொடுகிறோம். ஒரு மாதம் மாற்றிச் செய்யுங்கள்: உட்கார்ந்ததும் கடைசி மூன்றில் ஒரு பங்கைத் திருத்துங்கள், பிறகு மேலே போங்கள்.

இரண்டு பயிற்சி நாளில் ஒன்றுக்கு, அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் தனக்குத் தானே அமைத்துக்கொண்ட முறையைப் பரிந்துரைக்கிறோம். நீங்கள் மதிக்கும் ஓர் உரைநடையிலிருந்து 300 சொற்கள் அளவுள்ள பகுதியை எடுங்கள். வாக்கியத்துக்கு இரண்டு மூன்று சொற்களில் குறிப்பு எழுதுங்கள். மூலத்தை மூடி, சில நாள் அப்படியே விடுங்கள். பிறகு குறிப்பை மட்டும் பார்த்து முழுப் பகுதியையும் உங்கள் சொற்களில் எழுதி, மூலத்தோடு வாக்கியம் வாக்கியமாக ஒப்பிடுங்கள். குறிப்புகளைக் கலைத்துப் போட்டுச் சில வாரம் கழித்து வரிசைப்படுத்துவதும் அவர் செய்ததுதான்; அது கட்டமைப்பைக் கற்பிக்கும். மூலம் வினையால் சொன்னதை நீங்கள் பெயரடைகளால் சொல்லியிருப்பீர்கள், அல்லது அது இரண்டு வாக்கியமாகப் பிரித்ததை நீங்கள் ஒன்றாக இழுத்திருப்பீர்கள். அந்த வேறுபாடுகளை ஒரு பக்கத்தில் சேர்த்து வாருங்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் பாடத்திட்டம். இப்படி எழுதியது பயிற்சிக்கு மட்டுமே, வெளியிடுவதற்கல்ல.

இன்னொரு நாள், எழுதியதை வாய்விட்டுப் படித்துக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். மூச்சு முட்டும் இடம், நாக்கு தடுக்கும் இடம், நீங்களே அறியாமல் சொல்லை மாற்றிப் படித்த இடம் மூன்றையும் குறியுங்கள். மாற்றிப் படித்த சொல் பெரும்பாலும் எழுதிய சொல்லைவிட நன்றாக இருக்கும்.

ஒரு நண்பரிடம் காட்டும்போது 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தவிர அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? எங்கே கவனம் விலகியது, எந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது, எது இல்லாமலிருந்தாலும் தெரிந்திருக்காது என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு எழுத்தாளர்கள் நாளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் சொல் என்கிறார்கள். என்னால் 400ஐத் தாண்ட முடியவில்லை.

பதில்: அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் சொல்லெண்ணிக்கை குறைவாகத்தான் வரும். தமிழில் எழுதுகிறவர் நேரத்தையோ பக்கத்தையோ கணக்கில் வைப்பது நல்லது. சொற்களை எண்ணியே பழகியிருந்தால், இரண்டு வாரம் உங்கள் இயல்பான அளவைக் குறித்து, சராசரி எடுத்து, அதற்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். 400 என்றால் 440.

எண்ணை வைத்து எழுதியவர்களில் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் குறிப்பிடத்தக்கவர். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதினார். 40க்கும் மேற்பட்ட நாவல்களை முடித்தார். ஆனால் உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே ஒதுக்கினார் என்பதை அவரைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்தப் படிப்புதான் அடுத்த பக்கத்தின் நடையையும் ஓட்டத்தையும் பிடித்துக் கொடுப்பது.

கேள்வி: கையால் எழுதுவதா, தட்டச்சா?

பதில்: எதில் கை யோசனையைத் தாமதப்படுத்தவில்லையோ அதில். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் பலர் மனத்துக்குள் இரண்டு எழுத்துமுறைகளைச் சுமக்கிறார்கள். நீண்ட படைப்புகள் எழுத எண்ணமிருந்தால் தமிழ்99 விசைப்பலகையைக் கற்பது நல்லது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே விசை. தினமும் கால் மணி நேரம் பயிற்சி செய்யுங்கள். முதல் சில வாரம் வேகம் குறையும். அந்த நாட்களில் முக்கியமான வரைவைக் கையால் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தின் மீதே எரிச்சல் வரும்.

கேள்வி: எழுதும்போதே ஒற்றுப்பிழை, சொற்சிக்கனம் எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். ஒரு மணி நேரத்தில் ஆறு வரி தாண்டவில்லை.

பதில்: எழுதுவதையும் திருத்துவதையும் வேறு வேறு நாளுக்குப் பிரியுங்கள். வரைவு எழுதும்போது சரியான சொல் வரவில்லையா, ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். தகவல் தெரியவில்லையா, சதுர அடைப்புக்குள் 'பார்க்க' என்று எழுதிவிட்டு மேலே போங்கள். தேட எழுந்தவர் திரும்பி வருவதற்குள் வாக்கியம் ஆறிவிடும்.

திருத்தத்தை மூன்று சுற்றாகச் செய்யுங்கள். முதலில் பத்திகளின் வரிசையும் வெட்டுதலும். அடுத்து வாக்கியம். கடைசியில்தான் ஒற்று. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், நாளை வெட்டப்போகிற பத்திக்கு இன்று ஒற்றுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வாக்கியச் சுற்றில் எச்சங்களைக் கவனியுங்கள். 'கதவைத் திறந்து காற்று வந்தது' என்றால் காற்றே கதவைத் திறந்ததாகிவிடும். 'கதவைத் திறந்ததும்' என்று மாற்ற வேண்டும். 'ஒரு' என்ற சொல்லையும் தேடுங்கள். 'அவர் ஒரு நல்ல மருத்துவர்' என்பதில் அது வெறும் சுமை. 'அவரால் எழுதப்பட்ட கடிதம்' என்பதை 'அவர் எழுதிய கடிதம்' ஆக்குங்கள்.

ஒற்றுச் சுற்றுக்கு நான்கு விதிகளை அட்டையில் எழுதி முன்னால் வைத்தால் பெரும்பாலான பிழைகள் போய்விடும். ஐ உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும்: வீட்டைக் கட்டினான். கு உருபுக்குப் பின்னும் மிகும்: ஊருக்குப் போனான். அகரத்திலும் இகரத்திலும் முடியும் வினையெச்சத்தின் பின் மிகும்: வரச் சொன்னான், தேடிப் பார்த்தான். உகரத்தில் முடியும் வினையெச்சத்தில்தான் தடுமாற்றம் அதிகம். உகரம் ஏறிய அந்தக் கடைசி எழுத்துக்கு முன் புள்ளி வைத்த வல்லின மெய் இருந்தால் மிகும், இல்லையென்றால் மிகாது. 'படித்துப் பார்த்தான்' என்பதில் ப் வரும். 'செய்து பார்த்தான்', 'வந்து போனான்' ஆகியவற்றில் வராது.

கேள்வி: மறுநாள் உட்கார்ந்தால் தொடங்கவே அரை மணி ஆகிறது.

பதில்: முந்தைய நாள் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே கடைப்பிடித்த வழி இது. எழுமுன், நாளைய முதல் வாக்கியத்தின் பாதியை எழுதி விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆறு படைப்புகள் திரும்பி வந்துவிட்டன. பாதியில் நிற்கும் ஒரு நெடுங்கதையும் கையில் இருக்கிறது. அதைத் தொடர்வதா, விடுவதா?

பதில்: ஆறு என்பது முடிவு சொல்லப் போதாது. பிரசுரமானவற்றை எண்ணாமல் அனுப்பியவற்றை எண்ணுங்கள். ஆண்டுக்கு 24 முறை அனுப்புவது என்று இலக்கு வைத்தால் மாதம் இரண்டு. ஒரு தாளில் படைப்பு, அனுப்பிய தேதி, இடம், பதில் என்று நான்கு நெடுவரிசை போடுங்கள். ஒன்று திரும்பி வந்தால் ஒரே ஒரு முறை படித்து, தேவையான திருத்தம் செய்து, ஒரு வாரத்துக்குள் வேறிடம் அனுப்புங்கள். மூன்று இடங்களிலிருந்து திரும்பி வந்தால் முதல் பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். தேர்வு செய்கிறவர் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்தியிருப்பார். ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பலாமா என்பதை அந்தந்த இதழின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கதையைக் களைத்திருக்கும் நாளில் கைவிட முடிவு செய்யாதீர்கள். மூன்று வாரம் மூடி வைத்து, ஒரே அமர்வில் பேனாவைத் தொடாமல் படியுங்கள். அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்கே ஆர்வம் வந்தால் மீதிக் காட்சிகளை வரிக்கு ஒன்றாகப் பட்டியலிட்டுத் தொடருங்கள். ஆர்வம் வரவில்லை என்றால் நன்றாக வந்த இரண்டு பக்கங்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, எந்தக் காட்சியில் கதை படுத்தது, ஏன் என்று அரைப் பக்கம் எழுதி அந்தக் கட்டின் மேல் குத்தி வையுங்கள். அடுத்த கதைக்குக் காட்சிப் பட்டியல் போடும் நாளில் முதலில் அந்த அரைப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள்.